வெள்ளம் எத்தனை படி ஏறும்?

ஆற்றங்கரையில் ஊர் அமைத்து வாழ்ந்த நம் முன்னோர்க்கு வெள்ளம் புதியதன்று. ஆறு எந்த மாதத்தில் பெருகும், எந்தக் கரையை உடைக்கும், எந்த வயலில் மண்டி எந்த ஓடையில் வடியும் என்பதையெல்லாம் அவர்கள் கண்ணால் கண்டு, காலால் நடந்து அறிந்திருந்தனர். ஆகவேதான் ஊர் நத்தம் மேட்டில் இருந்தது. நன்செய் பள்ளத்தில் இருந்தது. அந்த அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சொல்லாமலே வந்து சேர்ந்தது.

இன்று நம்மில் பலர் வாழும் நகரங்களில் அந்தத் தொடர்பு அறுந்துவிட்டது. வேற்றூரிலிருந்து பிழைப்புக்காக வந்து, மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறியவர்களுக்குத் தம் தெரு முன்பு ஏரியின் வாய்க்காலாக இருந்தது என்பதே தெரிவதில்லை. வெள்ளம் பற்றிய செய்தி நமக்கு இப்போது எண்களாக வருகிறது: இத்தனை சென்டிமீட்டர் மழை, இத்தனை அடி நீர்மட்டம், இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறப்பு.

2015-ஆம் ஆண்டின் இறுதியைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் நகரில் ஏறத்தாழ 105 செ.மீ. மழை பொழிந்தது. 1918-க்குப் பின் ஒரு நவம்பரில் அத்தனை மழை பெய்ததில்லை. நிலமும் நிறைந்து ஏரிகளும் நிறைந்திருந்த வேளையில், டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. அந்த நீரும், அடையாற்றின் மேற்பகுதியில் உள்ள ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் ஒன்று சேர்ந்து, இரவோடு இரவாக நகருக்குள் புகுந்தன.

விநாடிக்கு 29,000 கன அடி என்றால் என்ன? ஏறத்தாழ 8 இலட்சத்து 20 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 68 ஒரே நொடியில் கவிழ்க்கப்பட்டதற்குச் சமம். அடுத்த நொடியில் இன்னும் 68. இவ்வாறு விளக்கிச் சொன்னால் திகைப்பு உண்டாகும். ஆயினும் சைதாப்பேட்டையிலோ ஜாபர்கான்பேட்டையிலோ, வயது முதிர்ந்த மாமியாரையும் கைக்குழந்தையையும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு இந்தத் திகைப்பினால் பயன் என்ன? அவர் அறிய வேண்டுவது ஒன்றே: "தண்ணீர் நம் வீட்டில் எத்தனை படி ஏறும்? எப்போது ஏறும்? எந்த வழியாக நாங்கள் வெளியேறலாம்?"

எண்ணை வாசற்படியாக மாற்றித் தரும் கலையே இக்கட்டுரையின் பொருள். கணிப்பொறியில் ஆற்றை ஓடவிட்டுப் பார்த்து, வெள்ளம் பரவும் இடங்களைப் படமாக்கி, எவரும் தம் கைப்பேசியில் காணுமாறு இணையத்தில் வைக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது. அது வளர்ந்த கதையை அறிய, சென்னை வெள்ளத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பாக இதே கேள்வியை எதிர்கொண்ட வேறொரு நாட்டு நகரத்துக்குச் செல்வோம்.

சோள நாட்டில் ஒரு வெள்ளம்

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில், மக்காச்சோள வயல்கள் நிறைந்த மாநிலம் அயோவா. அதன் இரண்டாவது பெரிய நகரம் சீடர் ராப்பிட்ஸ். நகரின் நடுவே சீடர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவில் ஒரு தீவு. நகராட்சி அலுவலகமும் நீதிமன்றமும் சிறைச்சாலையும் அந்தத் தீவின்மேலேயே கட்டப்பட்டிருந்தன. ஆற்றோடு அத்தனை நெருங்கி வாழ்ந்த நகரம் அது.

அந்நகரின் ஆற்று அளவுகோலில் 2008-க்கு முன்பு பதிவான மிக உயர்ந்த நீர்மட்டம் 20 அடி. 2008 ஜூன் மாதத்தில் தொடர்மழையால் ஆறு பெருகியபோது, அறிவிக்கப்பட்ட நீர்மட்டம் மீண்டும் மீண்டும் உயர்த்தப்பட்டது. ஜூன் 13-ஆம் நாள் ஆறு 31.12 அடியைத் தொட்டது. பழைய உச்சத்தைவிட 11 அடி அதிகம்! நகரப் பரப்பில் ஏழில் ஒரு பங்கு, அதாவது சுமார் 10 சதுர மைல், நீரில் மூழ்கியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பாதிக்கப்பட்டன. 18,000-க்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம் பெயர்ந்தனர். இரக்கத்தின் சகோதரிகள் தொடங்கிய மெர்சி மருத்துவமனையின் அடித்தளத்தில் நீர் ஏறவே, 176 நோயாளிகளை இரவு நேரத்தில் வேறு இடங்களுக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று.

அந்நகரத்தார் எச்சரிக்கையைக் கேளாதவர்கள் அல்லர். வானொலியும் தொலைக்காட்சியும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டுதான் இருந்தன. ஆயினும், "ஆறு இத்தனை அடி உயரும்" என்னும் சொல் ஒவ்வொரு தெருவுக்கும் என்ன பொருள் தரும் என்பதை வீட்டிலிருந்தோர் தாமே அறிந்துகொள்ள வழி இல்லை. பழைய வெள்ளங்களின் நினைவையே அளவுகோலாகக் கொண்டவர்களுக்கு அந்த அளவுகோலே போதாமற் போயிற்று. 20 அடியை மட்டுமே கண்டவன் 31 அடியை எவ்வாறு கற்பனை செய்வான்?

அதே வாரத்தில், அருகிலுள்ள அயோவா சிட்டி என்னும் பல்கலைக்கழக நகரத்தில் அயோவா ஆறும் பெருகியது. பல்கலைக்கழகத்தின் இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. அங்கே ஆற்றங்கரையிலேயே புகழ்பெற்ற நீரியல் ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. நீரின் ஓட்டத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த அறிஞர்களின் வாயிலுக்கே வெள்ளம் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் உள்ள அறிவு ஊர் மக்களின் கைக்குச் சென்று சேராவிட்டால் அதனால் என்ன பயன் என்ற கேள்வி அங்கே அழுத்தமாக எழுந்தது. அடுத்த ஆண்டு, 2009-இல், மாநிலச் சட்டமன்றமே நிதி ஒதுக்கி அப்பல்கலைக்கழகத்தில் அயோவா வெள்ள ஆய்வு மையத்தை நிறுவியது. விட்டோல்ட் கிராயெவ்ஸ்கி என்னும் பேராசிரியர் அதன் இயக்குநரானார். அம்மையத்தார் அமைத்த இணைய வரைபடமே இன்று பலரும் எடுத்துக்காட்டும் முன்மாதிரி.

கணிப்பொறிக்குள் ஓடும் ஆறு

இத்தகைய வரைபடம் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது விளக்கமாகக் காண்போம்.

முதலில் வேண்டுவது நிலத்தின் உயரம். நீர் பள்ளம் நாடும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் எது பள்ளம், எவ்வளவு பள்ளம் என்பதை அங்குலக் கணக்கில் அறிந்தாலன்றி வெள்ளத்தைக் கணக்கிட முடியாது. இதற்காக விமானத்திலிருந்து லேசர் ஒளிக்கதிர்களை நிலத்தின்மேல் செலுத்துகிறார்கள். கதிர் போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஒவ்வொரு இடத்தின் உயரமும் கணக்கிடப்படுகிறது. அயோவா மாநிலம் முழுவதும் இவ்வாறு அளக்கப்பட்டது. லேசர் கதிரால் ஆற்று நீரை ஊடுருவி அடித்தரையை அளக்க முடியாத இடங்களில், படகில் சென்று ஒலி அலையை நீருக்குள் அனுப்பி, அதன் எதிரொலியால் ஆழத்தை அளந்தார்கள்.

அடுத்து வேண்டுவது, ஆறு இந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்னும் செய்தி. இதற்காக அம்மையத்தார் எளிய கருவி ஒன்றை அமைத்தனர். பாலத்தின் பக்கவாட்டில் பொருத்தப்படும் சிறு பெட்டி அது. கீழே ஓடும் நீர்ப்பரப்பை நோக்கி ஒலித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அறிகிறது. கைப்பேசி அலைவரிசை வழியாக அதனை மையத்துக்குத் தெரிவிக்கிறது. கதிரவன் ஒளியே அதற்கு மின்சாரம். அயோவாவின் இருநூறுக்கும் மேற்பட்ட பாலங்களில் இன்று இக்கருவிகள் இரவும் பகலும் ஆற்றைக் காவல் காக்கின்றன.

மூன்றாவது கணக்கீடு. நம் உழவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. சரிவான நிலத்தில் வரப்பு கட்டிய வயல்களை எண்ணிப் பாருங்கள். மேல் வயலில் நீர் நிறைந்தால் மடை வழியே கீழ் வயலுக்குப் பாய்கிறது. மடை அகலமானால் விரைந்து பாய்கிறது. புல் மண்டிக் கிடந்தால் தயங்கிப் பாய்கிறது. வரப்பின் உயரத்தை மீறினால் வழிந்தோடுகிறது. கணிப்பொறியும் ஆற்றையும் ஊரையும் இத்தகைய இலட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டமும் ஒரு வயல். சில நொடிகளுக்கு ஒரு முறை ஒவ்வொரு கட்டத்துக்கும், எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு நீர் வருகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது, எவ்வளவு தங்குகிறது என்று கணக்கிடுகிறது. வந்த நீர் மாயமாய் மறையாது; வராத நீர் புதிதாய்ப் பிறக்காது. இந்த எளிய நியாயத்தையும், ஓடும் நீரின் வேகத்தையும் இணைத்துச் சமன்பாடுகளாக வகுத்தவர் சேன் வெனான் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். ஆண்டு 1871. அன்று கையால் கணக்கிட்டு முடியாதது இன்று கணிப்பொறியால் முடிகிறது.

ஆயினும் வெள்ளம் வந்துகொண்டிருக்கும் வேளையில் இத்தனை கணக்கையும் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்க நேரம் இராது. ஆகவே அறிஞர்கள் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்தனர். குறிப்பிட்ட நகரத்தில் ஆறு இத்தனை அடி உயர்ந்தால் எந்தெந்த இடம் மூழ்கும் என்பதை, அரை அடிக்கு ஒரு படமாக, அமைதியான நாள்களிலேயே கணக்கிட்டு அடுக்கி வைத்தார்கள். சமையலறை அலமாரியில் பண்டங்களைப் பெயரெழுதி அடுக்கிவைக்கும் இல்லத்தரசியின் முன்யோசனை போன்றது இது. வெள்ள நாளில் நீர்மட்ட அறிவிப்பு வந்தவுடன், அதற்கு உரிய படத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

எண்ணெய்த்தாளின்மேல் எண்ணெய்த்தாள்

இப்படங்கள் பொறியாளர் அலுவலகத்தின் இரும்புப் பெட்டியில் கிடந்தால் பொதுமக்களுக்குப் பயன் இல்லை. இங்கேதான் இணையம் உதவிக்கு வந்தது. 2004-இல் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொது வரைபட முயற்சி தொடங்கியது. அது எவரும் பங்களிக்கலாம், எவரும் பயன்படுத்தலாம் என்னும் ஏற்பாடு. 2005-இல் கூகுள் நிறுவனத்தின் வரைபடம் வந்தது. தெருப் பெயர், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அடங்கிய அடிப்படைப் படம் எல்லோர் கைக்கும் எட்டிவிட்டது.

பள்ளி நாள்களில் படத்தின்மேல் எண்ணெய்த்தாளை வைத்து வரைந்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இணைய வரைபடமும் அவ்வாறே. அடியில் தெருக்களின் படம். அதன்மேல் மழைமேகங்களின் படம். அதன்மேல் பாலங்களிலிருந்து வரும் நீர்மட்டச் செய்தி. எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளம் பரவும் பரப்பை நீல நிறத்தில் காட்டும் படம். அயோவாவில் ஒரு குடும்பத் தலைவி தம் நகரின் பெயரைத் தேர்ந்து, ஒரு கோலை விரலால் நகர்த்தினால் போதும். ஆறு திரையில் அரை அடி உயர்கிறது. இன்னும் நகர்த்தினால் இன்னும் அரை அடி. நீலம் மெல்லப் பரவி, பூங்காவைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைச் சூழ்ந்து, தம் தெருமுனைக்கு வருவதை அவரே காணலாம். எந்த அளவில் தம் வீடு நனையும் என்பதை மழையில்லா ஒரு மாலைப் பொழுதிலேயே அறிந்துகொள்ளலாம்.

வரைபடத்தில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை விளக்குதல் நலம். "நூறாண்டு வெள்ளம்" என்று எழுதியிருக்கும். நூறு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், சென்ற ஆண்டு வந்துவிட்டது, இனி நம் பேரன் காலத்தில்தான் வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பையில் 99 வெள்ளைக் கோலிகளும் ஒரு சிவப்புக் கோலியும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் கண்ணை மூடி ஒரு கோலியை எடுத்து, மீண்டும் பைக்குள் போட்டுவிடுகிறோம். சிவப்புக் கோலி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கைக்கு வரலாம். முப்பது ஆண்டுக் கடனில் வீடு வாங்கும் ஒருவர், அந்தக் கடன் தீரும் முன் இவ்வெள்ளத்தை ஒரு முறையேனும் காண்பதற்குரிய வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. வீடு வாங்குமுன் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் பார்க்கும் நாம், இதனையும் பார்க்க வேண்டாமா?

எட்டு ஆண்டுகளுக்குப் பின்

2016 செப்டம்பரில் சீடர் ஆறு மீண்டும் பெருகியது. இம்முறை எதிர்பார்க்கப்பட்ட உயரம் 2008-க்கு அடுத்த பெரிய வெள்ளத்தைக் குறித்தது. நகராட்சியினர் கையில் இப்போது வரைபடம் இருந்தது. எந்தத் தெருக்கள் வரை நீர் வரும் என்பது மக்களுக்கு முன்கூட்டியே காட்டப்பட்டது. ஆற்றை ஒட்டிய பகுதிகளில் ஏறத்தாழ 5,000 வீடுகளில் இருந்தவர்களை வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார்கள். மணல் நிரப்பிய பெருங்கூடைகளாலும் மண் கரையாலும் ஏறத்தாழ 10 மைல் நீளத்துக்குத் தற்காலிகத் தடுப்பு எழுப்பப்பட்டது. எங்கே எழுப்புவது, எவ்வளவு உயரம் எழுப்புவது என்பதில் தடுமாற்றம் இருக்கவில்லை.

செப்டம்பர் 27-ஆம் நாள் ஆறு ஏறத்தாழ 22 அடியைத் தொட்டது. 2008-க்கு முன்பிருந்த பழைய உச்சத்தையும் விட அதிகம் அது. ஆயினும் தடுப்பு தாங்கியது. நகரம் பெரும்பாலும் காக்கப்பட்டது. இதற்குக் காரணம் வரைபடம் மட்டுமே என்று கூறினால் அது மிகையாகும். நீர்மட்டமே 2008-ஐ விட 9 அடி குறைவு. மேலும் இடைப்பட்ட ஆண்டுகளில், அடிக்கடி மூழ்கும் இடங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகளை அரசு விலை கொடுத்து வாங்கி, அங்கே வீடுகள் எழாதபடி பசும்புல் வெளியாக விட்டிருந்தது. ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். எந்த இடம் ஆற்றுக்கு உரியது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் திறனே இவ்வரைபடங்களின் பெருஞ்சிறப்பு.

சென்னையின் முயற்சிகள்

நம் நாடும் வாளாவிருந்துவிடவில்லை. 2015 வெள்ளத்தின்போதே சென்னையில் ஓர் அரிய முயற்சி நடந்தது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு, வரைபடக் கலையில் வல்ல இளைஞர் அருண் கணேஷ் ஓர் இணையப் படத்தை அமைத்தார். தாழ்வான பகுதிகள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. தம் தெருவில் நீர் நிற்பதைக் கண்ட எவரும் அந்தத் தெருவைத் தொட்டு நிறம் மாற்றலாம். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். மகனைத் தேடிச் சென்ற தந்தைக்கும், உணவுப் பொட்டலங்களை ஏற்றிச் சென்ற தொண்டர்க்கும் எந்த வழி அடைபட்டது என்பதை அந்தப் படம் சொல்லியது. முந்திய ஆண்டு டிசம்பரில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில், மக்கள் ட்விட்டர் வழியே அனுப்பும் செய்திகளைக் கொண்டு வெள்ளப் படம் அமைக்கும் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. மக்களின் கண்களே அளவுகருவிகள் ஆகலாம் என்பதை இவ்விரு நகரங்களும் காட்டின.

2015-க்குப் பின், நடுவண் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முயற்சியால், மும்பை, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் அண்ணா பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் கூடிச் சென்னைக்கென ஒரு வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை உருவாக்கின. சி-ஃபுளோஸ் என்பது அதன் சுருக்கப் பெயர். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடலோர ஆய்வு மையம் 2019-இல் அதனைச் செயற்படுத்தியது. அயோவாவில் இல்லாத ஒரு சிக்கல் சென்னைக்கு உண்டு; அது கடல். கடலில் ஓதம் உயர்ந்திருக்கும் வேளையில் அடையாறும் கூவமும் கொசஸ்தலையாறும் தம் நீரை எளிதில் கடலுக்குள் தள்ள இயலாது. ஆகவே மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். இங்கும் அதே அலமாரி முறைதான். வெவ்வேறு மழை, வெவ்வேறு ஓதம் என 796 நிலைமைகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துள்ளனர். வானிலை முன்னறிவிப்பு வந்ததும், அதற்கு நெருங்கிய படம் எடுக்கப்பட்டு, எந்த வார்டில் எவ்வளவு நீர் நிற்கும் என்று காட்டப்படுகிறது.

ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையின் தாழ்வான பகுதிகள் மீண்டும் நாள்கணக்கில் நீரில் நின்றன. வரைபடம் தோற்றுவிட்டதா? அவ்வாறு கூறுவது, காய்ச்சலைக் காட்டிய வெப்பமானியைக் குறை கூறுவது போலாகும். வரைபடம் நீரைத் தடுக்காது. சதுப்பு நிலத்தைத் தூர்த்த கைகளையும் வாய்க்காலின்மேல் எழுந்த சுவர்களையும் அது அகற்றாது. அது காட்டும், செய்ய வேண்டியவர் மனிதர்.

வரைபடத்தை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் கண்மூடி நம்பக் கூடாது. மழை முன்னறிவிப்பில் பிழை இருந்தால் வெள்ளக் கணக்கிலும் பிழை இருக்கும். 2016-இல் சீடர் ராப்பிட்ஸில்கூட, முதலில் அஞ்சிய உயரத்துக்கு ஆறு வரவில்லை. அளவெடுத்த பின்னர் ஒரு சாலையை ஓரடி உயர்த்தினால், நீர் போகும் வழியே மாறிவிடும். மழைநீர் வடிகால் படத்தில் திறந்திருக்கும். தெருவில் நெகிழிப் பைகளால் அடைபட்டிருக்கும். ஆகவே "நம் தெரு நீலத்துக்கு வெளியே இருக்கிறது" என்று இறுமாந்திருப்பதும் தவறு. ஒரு முறை எச்சரிக்கை பொய்த்ததென்று மறுமுறை எள்ளி நகையாடுவதும் தவறு.

இன்னொரு குறையையும் கூற வேண்டும். சி-ஃபுளோஸ் போன்ற அமைப்புகள் ஆட்சிப் பொறுப்பில் உள்ளோர் முடிவெடுக்க உதவும் பொருட்டே முதன்மையாக அமைக்கப்பட்டன. மத்திய நீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளச் செயலி, தொடங்கும்போது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே பேசியது. தமிழ்நாட்டு அரசின் டிஎன்-அலர்ட் செயலி 2024-இல் வந்தது. அறிவு மக்களின் மொழியிலும், மக்களின் கைக்கு எட்டும் இடத்திலும் இருந்தாலன்றி அது முழுமையான அறிவாகாது. தம் பகுதி நீலமாகக் காட்டப்பட்டால் மனை விலை குறையுமே என்று அஞ்சுவோரும் உண்டு. ஆனால் விலை குறையுமென்று உண்மையை மறைத்தால், அந்த விலையைப் பின்னொரு நாளில் ஏதுமறியாமல் வாங்கிய ஏழைக் குடும்பம் அல்லவா செலுத்த நேரிடும்?

நம் இல்லங்கள் செய்யத்தக்கன

வெள்ள நாளில் முதலில் போவது மின்சாரம். அடுத்துப் போவது கைப்பேசித் தொடர்பு. 2015-இல் சென்னை இதனை நன்கு உணர்ந்தது. ஆகவே இணைய வரைபடத்தைப் பார்க்க வேண்டிய காலம் வெள்ளக் காலமன்று, கோடைக் காலம். பங்கின் இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலை கூடி, தம் பகுதியின் வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்து, தாழ்வான தெருக்களையும், நீர் ஏறாத மேடான வழியையும், தங்கத்தக்க பள்ளிக்கூடத்தையும் அதில் குறிக்கலாம். அதனை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்தால், மின்சாரம் இல்லாத நாளிலும் அது பேசும். ஆலயக் கூடமே தஞ்சமிடமாகப் பயன்படுவதாயின், அந்தக் கூடத்தின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் முன்னதாகவே அறிந்துகொள்ள வேண்டும்.

வரைபடம் காட்டாத ஒன்றும் உண்டு. எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறார், எந்தக் குடிசையில் எழுதப்படிக்கத் தெரியாத தாய் பிள்ளைகளுடன் தனித்து வாழ்கிறார் என்பது எந்தக் கணிப்பொறிக்கும் தெரியாது. அதனை அறிந்தவர்கள் அண்டை வீட்டார். அன்பியக் கூட்டங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் வீடு வீடாகச் செல்வோர் இவர்களின் பெயர்களை அந்தக் காகிதப் படத்தோடு தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், வெள்ள இரவில் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்ற ஐயம் எழாது.

மற்றொரு பணியும் நமக்கு உண்டு. கணிப்பொறி போட்ட கணக்கு சரிதானா என்று அறிஞர்கள் எவ்வாறு சோதிக்கிறார்கள்? பழைய வெள்ளத்தில் நீர் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் வந்தது என்னும் தடயங்களைத் தேடிச் சென்று ஒப்பிடுகிறார்கள். சுவரில் படிந்த சேற்றுக் கோடும், "மூன்றாவது படி வரை வந்தது, நான்காவது படி நனையவில்லை" என்று பாட்டி சொல்லும் சாட்சியமும் அவர்களுக்குப் பொன்னுக்கு நிகர். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தக் கோடு வெள்ளையடிப்பில் மறைந்துவிடும், நினைவும் மங்கிவிடும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு வீட்டாரும் 2015-இலோ 2023-இலோ நீர் ஏறிய உயரத்தைச் சுவரில் ஆணியால் கீறி, ஆண்டையும் நாளையும் எழுதி வைப்பார்களாயின், அதைவிடச் சிறந்த அளவுகோல் எந்த அலுவலகத்திலும் இராது. அளவெடுக்க வரும் பொறியாளருக்கு அது பயன்படும். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவரும் குடும்பத்துக்கு அதைவிட அதிகமாகப் பயன்படும்.